மேல்மாடி இடது ஓரத்து ஜன்னல்

அட்ராக்டா ஒரு முழங்காலை நாற்காலியில் ஊன்றி, எக்கி, திரைச்சீலையை ஒரே இழுப்பில் விலக்கினாள். திரைக்குப் பின்னால் சுவர்தான் இருந்தது.

உள்ளங்கையால் அந்தச் சுவரை ஒருமுறை தட்டிப் பார்த்தாள். பிறகு திரையின் மறுபாதியையும் விலக்கினாள். அங்கேயும் சுவர். நாற்காலியிலிருந்து முழங்காலை எடுக்காமலே திரும்பி, கட்டிலருகே நின்ற தங்கை மகளைப் பார்த்தாள்.

“ஜன்னல் எங்கடி?”

“இல்ல பெரியம்மா,” என்றாள் யூனா.

“இல்லன்னா? நேத்து பஸ்ஸ விட்டு எறங்கினதும் அண்ணாந்து பாத்தேனே. மேல்மாடி, இடது ஓரம். வெள்ளைச் சட்டம், பன்னெண்டு கண்ணாடி. அதானே இந்த ரூம்பு?”

“அது வரைஞ்சது. சுவத்து மேல அப்பா பெயிண்ட்ல வரைஞ்சது.”

கட்டிலில் கிடந்த யூனாவின் அம்மா டிம்ப்னா இறந்து இன்னும் கால்மணி நேரம் ஆகவில்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது. உயிர் பிரிந்த வீட்டில் முதல் வேலை ஜன்னலைத் திறப்பது. ஆத்மா வெளியே போக வேண்டும். டாக்டர், பாதிரியார், சவப்பெட்டிக்காரர் எல்லாரும் அப்புறம்தான். அட்ராக்டா தன் மாமியாருக்கும், மாமனாருக்கும், புருஷனுக்கும் ஜன்னல் திறந்துவிட்டவள். சொந்தத் தங்கைக்குத் திறக்க வந்த இடத்தில் சுவரில் போய் முட்டிக்கொண்டாள்.

“அப்போ இந்தத் திரை எதுக்கு?”

“அம்மா தைச்சது. கல்யாணமான ரெண்டாம் வருஷம். திரை இருந்தா ஜன்னல் இருக்கிற மாதிரி இருக்கும்னு.”

அட்ராக்டா நாற்காலியை விட்டு இறங்கி அதே நாற்காலியில் உட்கார்ந்தாள். இருபது மைல் தள்ளிப் பண்ணையில் இருக்கிறவள், வருஷத்துக்கு இரண்டு தடவை இந்த ஓட்டலுக்கு வருவாள். கீழே கூடத்தில் பச்சை சோபாவில் உட்கார வைத்து டீ கொடுப்பார்கள். குடித்துவிட்டுப் போய்விடுவாள். தங்கை எங்கே படுக்கிறாள் என்று அவள் கேட்டதில்லை. அவ்வளவு பெரிய வீட்டில் போய் அப்படி ஒரு கேள்வியை யார் கேட்பார்கள்?

வீடு பெரிதுதான். க்ளோனரட் ஊர்ச் சதுக்கத்தில் அதற்கு இணையாக ஒன்றும் கிடையாது. இருநூறு வருஷத்துக்கு முன்னால், ஜார்ஜ் என்று பெயர் வைத்த ராஜாக்கள் ஒருவர்பின் ஒருவராக லண்டனில் உட்கார்ந்திருந்த காலத்தில், லாட்மோர் பிரபு தன் குத்தகைக்காரர்களைக் கசக்கிப் பிழிந்து கட்டியது. அந்த ஜார்ஜியன் பாணிக்கு ஒரே ஒரு வேதம்: இடதும் வலதும் ஒத்திருக்க வேண்டும். நடுவில் வாசல், அதன் தலைக்கு மேல் விசிறி விரித்தாற்போல் கண்ணாடி. முதல் மாடியில் ஐந்து நெடிய ஜன்னல்கள், நடு ஜன்னல் மட்டும் மூன்று பிரிவாக, வளைவு வைத்தது. மேல்மாடியில் ஐந்து குட்டை ஜன்னல்கள். ஆனால் மேல்மாடி இடது ஓரத்தில் இருந்தது பெட்டி சட்டி போட்டு வைக்கிற இருட்டறை. அதற்கு ஜன்னல் எதற்கு என்று கொத்தனார் நினைத்திருக்கிறான். வெளியே ஐந்து இருக்க வேண்டுமே என்று பிரபு நினைத்திருக்கிறார். ஆகவே சுவரில் ஜன்னல் அளவுக்குப் பள்ளம் விட்டு, ஜன்னலை வண்ணத்தில் வரைந்துவிட்டார்கள்.

டிம்ப்னாவின் புருஷன் லாரன்ஸ் கெரிகனின் தாத்தா அதே பிரபுவின் லாயத்தில் சாணம் அள்ளியவர். லாரன்ஸின் அப்பா சதுக்கத்து ஓரத்தில் சாராயக்கடை வைத்து, பிரபு வம்சம் நொடித்துப் போனபோது கட்டிடத்தை வாங்கி ஓட்டலாக்கினார். லாரன்ஸ் அந்த வீட்டைக் கும்பிட ஆரம்பித்தார். லாயத்துக்காரன் பேரனுக்குப் பிரபுவின் வாசல்படிமேல் வந்த பக்தியைச் சொல்லி முடியாது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஏணி போட்டு ஏறி, அந்தப் பொய் ஜன்னலுக்கு அவரே வர்ணம் பூசுவார். கண்ணாடிக்குக் கறுப்பு, சட்டத்துக்கு வெள்ளை, பாதி விலக்கிய திரை மாதிரி சாம்பலில் ஒரு மடிப்பு. கீழே நின்று பார்க்கிறவன் சத்தியம் செய்வான், அங்கே யாரோ குடியிருக்கிறார்கள் என்று.

குடியிருந்தாள். ஜன்னல் இல்லாத அறையை விருந்தாளிக்குக் கொடுக்க முடியாதே, ஆகவே பெண்டாட்டிக்குக் கொடுத்தார். அவர் மட்டும் கீழே வரவேற்பறைக்குப் பின்னால் படுத்துக்கொண்டார், மணி அடித்தால் காது கேட்க வேண்டுமாம். முப்பத்தாறு வருஷம். அந்த இடத்தில் ஒன்பது அங்குலச் செங்கல்தான், இரண்டு நாளில் இடித்து நிஜ ஜன்னல் வைத்துவிடலாம் என்று ஒரு கொத்தனார் டிம்ப்னாவிடம் சொன்னார். அன்று ராத்திரிச் சாப்பாட்டில் அவள் அதை எடுத்தாள். லாரன்ஸ் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, “அசல் சுவரா?” என்று கேட்டார். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை.

ஒய்யாரக் கொண்டையாம் தாழம்பூவாம், உள்ளே இருக்குமாம் ஈரும் பேனும். முகப்பு மட்டும் பால் மாதிரி இருக்கும். பின்பக்கம் கருங்கல்லும் தகரமும். மேல்மாடியின் மற்ற அறைகளில் கூரைச் சுண்ணாம்பு பாளம் பாளமாக விழுந்து இரண்டு வருஷமாகப் பூட்டு. பின்கட்டு அறைகளின் ஜன்னல்களுக்குப் பலகை அடித்தாகிவிட்டது. முகப்பிலிருந்து தெரியாத எதற்கும் லாரன்ஸின் கஜானாவில் ஒரு ஆணிகூடக் கிடையாது.

அவர் இப்போது அறை வாசலில் வந்து நின்றார். கறுப்புக் கோட்டு, பழுப்பு வெயிஸ்ட்கோட்டு, நகக்கண்ணில் வெள்ளைப் பெயிண்ட். கட்டிலைப் பார்த்தார். நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு மணிக்கட்டைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்தார். அந்த வரிசையில்தான் பார்த்தார் என்பதை யூனா மறக்கவே போவதில்லை.

“பதினோரு மணிக்கு அவங்க பஸ் வருது,” என்றார்.

அட்ராக்டா நாற்காலியிலிருந்து எழுந்தாள்.

“பழங்கட்டிடக் கழகம். ஒம்போது வருஷமா எழுதி எழுதிக் கேட்டு இன்னிக்கித்தான் வராங்க. மூணு மணிக்குக் கெளம்பிருவாங்க. அதுவரைக்கும்…”

“அதுவரைக்கும்?” என்றாள் அட்ராக்டா.

“வெளில தெரிய வேண்டாம். டாக்டருக்கு மூணு மணிக்குச் சொல்லிக்கலாம். முன்பக்கம் திரையெல்லாம் மூட வேண்டாம், வாசல்ல கறுப்புத் துணி கட்ட வேண்டாம். முகப்ப அவங்க ஃபோட்டோ எடுப்பாங்க. டிம்ப்னா இருந்தா அவளே இதத்தான் சொல்லுவா.”

“அவ ஒண்ணுமே சொல்லியிருக்க மாட்டா. அதான் அவ செஞ்ச தப்பு. நான் கேக்குறேன் லாரன்ஸு, ஒரு ஜன்னல் வேணும். எந்த ரூம்புல இருக்கோ அங்க இவளக் கொண்டு போகணும், இப்பவே.”

“மேல எல்லாம் பூட்டிக் கெடக்கு.”

“நாலாம் நம்பர்,” என்றாள் யூனா. அவள் குரல் அவளுக்கே புதிதாகக் கேட்டது. “நாலாம் நம்பர் காலியாத்தானே இருக்குப்பா?”

லாரன்ஸ் அவளைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. வாசலில் சேற்றுக்காலோடு நிற்கிறவனைப் பார்க்கிற பார்வை. நாலாம் நம்பர் என்பது முதல் மாடியில், வாசலுக்கு நேர்மேலே, அந்த மூன்று பிரிவு ஜன்னல் இருக்கிற அறை. சுண்ணாம்புச் சிற்பம் போட்ட கூரை. வருஷத்தில் பத்து நாள் யாராவது தங்கினால் அதிகம்.

“அங்கதான் அவங்களக் கடைசியா கூட்டிட்டுப் போறேன்,” என்றார். “அந்த ஜன்னலப் பாக்கத்தான் அவங்க வர்றதே.” பிறகு, சமாதானமாக, “மூணு மணிக்கு,” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

“நீ என்னடி மரமா நிக்குற?” என்றாள் பெரியம்மா.

யூனாவுக்கு முப்பத்து நாலு வயது. அவளும் இறங்கிப் போனாள். போய், சாப்பாட்டுக் கூடத்தில் இருபத்திரண்டு கோப்பைகளை இருபத்திரண்டு தட்டுகளில் கவிழ்த்து வைத்தாள். ரொட்டியில் வெண்ணெய் தடவினாள், பன்றி இறைச்சித் துண்டு வைத்து மூடினாள், ஓரம் நறுக்கினாள். கை தானாகச் செய்தது. அப்பாவை அவள் அடியோடு வெறுத்தாள். ஆனால் அந்தக் காலையில் அவளுக்குத் தன்மேல்தான் அருவருப்பு அதிகமாக இருந்தது. ஏப்ரல் மாதம், நோய் முற்றி அம்மா எழுந்திருக்க முடியாமல் போனபோது, ஒருநாள் கஞ்சி குடித்துவிட்டுக் கேட்டாள்: “நாலாம் நம்பர் காலியா இருக்காடி?” அவ்வளவுதான் கேட்டாள். யூனா, “பாக்குறேன்மா,” என்றாள். காலி என்பது அவளுக்குத் தெரியும். சாவியே அவள் இடுப்பில்தான் இருந்தது. அப்பாவின் அந்தப் பார்வைக்குப் பயந்து, இன்று கேட்கலாம், நாளை கேட்கலாம் என்று ஆறு மாதத்தை ஓட்டினாள். அம்மா மறுபடி கேட்கவில்லை. கேட்காதவளைக் கேட்காதவள் என்று விட்டுவிடுவது எவ்வளவு சுலபம்.

பஸ் சொன்ன நேரத்துக்கு வந்தது. அன்று சதுக்கத்தில் மாட்டுச் சந்தை. கழகத்து ஆட்கள் சாணத்தைத் தாண்டித் தாண்டிக் குதித்து வந்தார்கள். நல்ல கம்பளிக் கோட்டு போட்ட கிழவர்கள், கழுத்தில் ஸ்கார்ஃப் கட்டிய அம்மாக்கள். அவர்களுக்குத் தலைவர் ப்ரூக் என்பவர். பேசும்போது கண்ணை மூடிக்கொள்வார். அப்படிப்பட்டவர்களிடம் லாரன்ஸுக்கு முதுகெலும்பே இருக்காது. வாசல்படிக்கு எதிரே அவர்களை அரைவட்டமாக நிறுத்தி, கைத்தடியால் முகப்பைக் காட்டிப் பேச ஆரம்பித்தார். கதவு திறந்திருந்ததால் வரவேற்பறை மேஜைக்குப் பின்னால் நின்ற யூனாவுக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

“அகலம் அம்பத்திரண்டு அடி. உயரம் முப்பத்தாறு. மேல போகப் போக ஜன்னல் சின்னதாகும், கவனிங்க. அதனால கட்டிடம் நிஜத்த விட ஒசரமாத் தெரியும்.”

“அற்புதம்,” என்றார் ப்ரூக், கண்ணை மூடிக்கொண்டு.

“இப்போ ஒரு பந்தயம். இந்தப் பதினாலு ஜன்னல்ல ஒண்ணு பொய். எதுன்னு சொல்லுங்க பாப்போம்.”

அவர்கள் தேடினார்கள். ஒரு அம்மா கீழ் வரிசையில் வலது கோடியைக் காட்டினாள். இன்னொருவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, பொய் எதுவுமே இல்லை, எங்களை ஏமாற்றுகிறீர்கள் என்றார். லாரன்ஸ் அந்தச் சந்தோஷத்தை வாயில் போட்ட மிட்டாய் மாதிரி கொஞ்ச நேரம் அதக்கி வைத்துக்கொண்டிருந்தார். பிறகு கைத்தடியைத் தூக்கினார்.

“மேல, இடது ஓரம்.”

ஒருவர் கைதட்டினார். உடனே எல்லாரும் தட்டினார்கள்.

“அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு, மிஸ்டர் கெரிகன்?” என்று ஸ்கார்ஃப் கட்டிய அம்மா கேட்டாள்.

“ஒண்ணுமில்ல,” என்றார் லாரன்ஸ். “பழைய சாமான் போட்டு வைக்கிற எடம்.”

யூனா இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தாள். நாலாம் நம்பரைப் பிரித்துக் கையில் வைத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனாள். அங்கே மாஸி ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான். முப்பது வருஷமாக இந்த ஓட்டலில் பெட்டி தூக்குகிறவன், குழாய் சரி செய்கிறவன், கரி அள்ளுகிறவன். பெரியம்மா இறங்கி வந்து சொல்லியிருக்கிறாள்.

“மாஸி, அம்மாவ நாலாம் நம்பருக்குக் கொண்டு போகணும்.”

“முதலாளி மூணு மணிக்குன்னு…”

“முதலாளி கெடக்கட்டும்.”

மாஸி மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். “நாற்காலிலதான் முடியும் யூனாம்மா. அந்தப் படில படுக்க வச்சுத் திருப்ப முடியாது. சவப்பெட்டியும் திரும்பாது. உங்க தாத்தாவையும் உக்கார வச்சுத்தான் எறக்கினாங்க.”

வெளியூர்க்காரர்கள் பார்த்துப் பார்த்து மூச்சுவிடுகிற கல்படிக்கட்டு, முதல் மாடியோடு நின்றுவிடும். அதற்குமேல் போகிறவர்கள் வேலைக்காரர்கள்தானே என்று, மேல்மாடிக்கு ஒரு ஆள் உரசிக்கொண்டு ஏறுகிற மரப்படி. அந்தப் படி முதல் மாடி நடைகூடத்தில் வந்து முடிகிற இடத்தில் ஒரு கதவு உண்டு. ஆனால் கதவு மாதிரி இருக்காது. சுவர்க்காகிதமே அதன்மேலும் ஒட்டி, கைப்பிடி இல்லாமல், சுவரோடு சுவராக மறைத்திருக்கும். எச்சில் வாளி தூக்குகிறவள் எங்கிருந்து வருகிறாள், எங்கே போகிறாள் என்று பிரபுவின் விருந்தாளிகளுக்குத் தெரியக் கூடாதாம்.

டிம்ப்னாவைப் பெரியம்மா நல்ல நீல உடுப்பில் தயாராக வைத்திருந்தாள். தாடையை ஸ்கார்ஃபால் கட்டியிருந்தாள். ஆறு மாதப் படுக்கை அவளை ஒன்றுமில்லாமல் ஆக்கிவிட்டிருந்தது. சாப்பாட்டுக் கூடத்து நாற்காலி ஒன்றில் உட்கார வைத்து, நெஞ்சோடும் முழங்காலோடும் படுக்கை விரிப்பால் கட்டினார்கள். மாஸி முதுகுப்பக்கம் பிடித்தான். யூனா கால்பக்கம் பிடித்து, பின்னோக்கி, ஒவ்வொரு படியாகத் தடவித் தடவி இறங்கினாள். அட்ராக்டா மேலிருந்து தங்கையின் தலை சாயாமல் பிடித்துக்கொண்டு வந்தாள்.

“மெதுவாடி. அவளுக்கு வலிக்கும்,” என்றாள். பிறகு தானே, “என்னமோ உளர்றேன்,” என்றாள்.

திருப்பத்தில் நாற்காலியின் கால் மாட்டிக்கொண்டது. விடுவிக்கும்போது யூனாவின் முகம் அம்மாவின் மடிக்கு வந்தது. சோப்பு வாசனையும் மருந்து வாசனையும் அடித்தது. யூனாவுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. கை இரண்டும் நாற்காலியில் இருந்ததால் துடைக்க முடியவில்லை. அப்படியே இறங்கினாள்.

மறைவுக் கதவுக்கு அந்தப் பக்கம் லாரன்ஸின் குரல் கேட்டது. விருந்தாளிகளைக் கல்படி வழியாக நடைகூடத்துக்குக் கூட்டி வந்துவிட்டார்.

“இங்க பாருங்க சமச்சீர. வலது பக்கம் கதவு. அதுக்கு ஈடா இடது பக்கம் கதவு இருக்கணும் இல்லையா? இல்ல! வெறும் சுவர். ஏன் அப்படி விட்டான்னு யாராவது…”

யூனா முதுகால் கதவைத் தள்ளினாள். வெறும் சுவர் திறந்துகொண்டது.

முதலில் அவள் முதுகு வந்தது. பிறகு நாற்காலியும் அதில் நீல உடுப்பில் டிம்ப்னாவும் வந்தார்கள். பின்னாலேயே மாஸி. கடைசியாக அட்ராக்டா, ஒரு கையில் ஜெபமாலையும் மறுகையில் தங்கையின் தலையுமாக. இருபத்திரண்டு பேரும் சுவரோடு ஒட்டி நின்று வழிவிட்டார்கள். நல்ல வளர்ப்பு. யாராவது நாற்காலியில் வந்தால் வழிவிட வேண்டும் என்று சின்ன வயசிலேயே சொல்லிக் கொடுத்திருப்பார்கள்.

ப்ரூக் கண்ணைத் திறந்தார். “இந்த அம்மாவுக்கு உடம்பு சரியில்லையா?”

லாரன்ஸின் உதடு இரண்டு தடவை அசைந்தது. “ஆமா,” என்றார். “கொஞ்சம் சொகமில்ல.”

“கொஞ்சமா!” என்றாள் அட்ராக்டா. “காலைல எட்டு மணிக்குச் செத்துப்போனா. இவரு சம்சாரம். நான் கூடப் பொறந்தவ. தள்ளுங்க.”

ஸ்கார்ஃப் கட்டிய அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். ஒரு கிழவர் தொப்பியை எடுத்தார், அவரைப் பார்த்து மற்றவர்களும் எடுத்தார்கள். லாரன்ஸ் மட்டும் கைத்தடியைப் பிடித்தபடி அந்தத் திறந்த கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். சுவர்க்காகிதம் அதன் ஓரத்தில் விரல் நீளத்துக்குக் கிழிந்திருந்தது.

நாலாம் நம்பரில் கட்டில் விரித்தே இருந்தது. மூன்று பிரிவு ஜன்னல் வழியாக அக்டோபர் வெளிச்சம் தரையெல்லாம் கிடந்தது. டிம்ப்னாவைக் கட்டை அவிழ்த்துப் படுக்க வைத்தார்கள். அத்தனை வெளிச்சத்தில் அம்மாவைக் கடைசியாகப் பார்த்தது எப்போது என்பதே யூனாவுக்கு மறந்துவிட்டிருந்தது. கன்னத்தில் இவ்வளவு மச்சம் இருந்ததா? புருவம் இவ்வளவு வெளுப்பா?

“திற,” என்றாள் பெரியம்மா.

யூனா நடுச் சட்டத்தின் பித்தளைப் பிடியை இரண்டு கையாலும் மேலே தூக்கினாள். அசையவில்லை. போன கோடையில் துடைக்கும்போது சுலபமாகச் சறுக்கி ஏறிய சட்டம். மாஸி வந்து தோளைக் கொடுத்தான். சட்டத்துக்கும் கட்டைக்கும் நடுவில் விரலை ஓட்டிப் பார்த்தான். இடுக்கே இல்லை. வழவழவென்று, ஒரே உடம்பாக, வெள்ளை.

“போன வாரம் மூணு பூச்சு பூசினாரு யூனாம்மா,” என்றான் மெதுவாக. “இவங்க வர்றாங்கன்னு. இடுக்குல இருட்டாத் தெரியுதுன்னு அதையும் சேத்து அடைச்சுட்டாரு.”

போன வாரம் என்பது அம்மா தண்ணீர் இறங்காமல் கிடந்த வாரம். புதன்கிழமை அவள் ஒருமுறை, “லாரி எங்க?” என்று புருஷனைச் செல்லப்பெயர் சொல்லிக் கேட்டாள். வேலையாக இருக்கிறார் என்று யூனா சொன்னாள். ஆமாம், வேலையாகத்தான் இருந்திருக்கிறார். இரண்டு மாடிக்குக் கீழே கூட இல்லை. ஒரே மாடிக்குக் கீழே, குச்சித் தூரிகையும் கையுமாக.

கணப்பு அடுப்பின் ஓரத்தில் நெருப்புக் கிளறுகிற பித்தளைக் கம்பி நின்றது. யூனா அதை எடுத்தாள்.

வாசலில் லாரன்ஸ் வந்துவிட்டார். அவர் தோளுக்கு மேலே ப்ரூக்கும் இன்னும் மூன்று நாலு தலைகளும்.

“யூனா! அதக் கீழ வை. மூணு மணிக்கு நானே கத்தி போட்டுத் திறக்குறேன், ஒரு கீறல் இல்லாம. அது அசல் கண்ணாடி. வாயால ஊதிச் செஞ்சது. இந்த ஜில்லாவுலயே மிச்சம் இருக்கிறது இந்த ஒம்போதுதான்.”

கண்ணாடி அழகுதான். யூனா அதை ஒத்துக்கொள்வாள். குளத்துத் தண்ணீர் மாதிரி லேசாக அலை அலையாக இருக்கும். அதன் வழியே பார்த்தால் சதுக்கத்து மாடுகள் நெளியும். சின்ன வயதில் மணிக்கணக்காக அதில் மூக்கை வைத்துப் பார்த்திருக்கிறாள், மூக்குக் கறை பட்டதற்கு அடியும் வாங்கியிருக்கிறாள்.

“அம்மா ஏப்ரல்ல இந்த ரூம்பக் கேட்டாப்பா,” என்றாள். “நான் உங்ககிட்ட சொல்லல.”

நடுக் கண்ணாடியில் கம்பியை வீசினாள். முதல் அடியில் விரிந்தது. இரண்டாவது அடியில் பாதி வெளியே வாசல்படியிலும் பாதி உள்ளே தரைவிரிப்பிலும் விழுந்தது.

வாசலில் நின்றவர்கள் எல்லாருக்கும் சேர்ந்தாற்போல் மூச்சு அடைத்தது. “ஐயோ!” என்று ஒரு குரல் வாய்விட்டே அலறியது. ப்ரூக்கின் குரல். கட்டிலில் கிடந்தவளைப் பார்த்தபோது அவர்களில் ஒருவருக்கும் அந்தச் சத்தம் வரவில்லை.

காற்று உள்ளே வந்தது. மாட்டுச் சாணியும், ஈரக் கம்பளியும், தூரத்துப் பொரித்த உருளைக்கிழங்கு வாசனையும் கூடவே வந்தன. சதுக்கத்தில் கிடேரிக்கு விலை கூவிக்கொண்டிருந்த ஒருவன், சத்தம் கேட்டுப் பாதியில் நிறுத்தினான்.

லாரன்ஸ் அறைக்குள் வந்தார். கட்டிலைச் சுற்றிக்கொண்டு நேரே ஜன்னலுக்குப் போனார். சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து விரித்து, முழங்காலிட்டு, தரைவிரிப்பில் கிடந்த பெரிய துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து அதில் வைக்க ஆரம்பித்தார். ப்ரூக்குக்கும் பொறுக்கவில்லை. அவரும் வந்து எதிரே முழங்காலிட்டு, “இது ரெண்டும் பொருந்தும் போல இருக்கு, பாருங்க,” என்று இரண்டு சில்லுகளைச் சேர்த்துப் பிடித்துக் காட்டினார்.

அட்ராக்டா அவர்களைப் பார்த்தாள். ஜெபமாலையின் சிலுவையைத் தூக்கி, சாவு வீட்டில் கிழவிகள் எடுக்கிற அந்த உச்சக் குரலில், ஆரம்பித்தாள்.

“பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பேராலே…”

முழங்காலில் இருந்தவர்கள் எழுந்திருக்க முடியாது. ஜெபம் ஓடிக்கொண்டிருக்கும்போது எழுந்து போவதை இந்த ஊர் எழுபது வருஷம் ஆனாலும் சொல்லிக் காட்டும். லாரன்ஸுக்கு அது தெரியும். ப்ரூக் வேறு சபைக்காரர், பதில் தெரியாமல் அங்குமிங்கும் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். நடைகூடத்தில் நின்றவர்களில் ஒருவர், பிறகு இன்னொருவர், மூட்டு நெட்டி முறிய மண்டியிட்டார்கள். மாஸி எல்லாருக்கும் முந்தி மண்டியிட்டிருந்தான்.

“அருள் நிறைந்த மரியே…” என்றாள் அட்ராக்டா.

“பாவிகளாயிருக்கிற எங்களுக்காக…” என்று லாரன்ஸ் பதில் சொன்னார். சிறுவயதிலிருந்து வாய்க்குப் பழகினது தானாக வந்தது. கையில் கண்ணாடிச் சில்லு இருந்தது. கீழே வைக்கவும் தோன்றவில்லை, எடுத்து வைக்கவும் தோன்றவில்லை. சில்லு விரலை வெட்டி ரத்தம் கைக்குட்டையில் இறங்கிக்கொண்டிருந்தது.

ஜெபமாலையின் ஐந்தாவது மணியில் அட்ராக்டா நிறுத்தினாள்.

“லாரன்ஸு.”

அவர் நிமிர்ந்தார். அன்று காலையிலிருந்து முதல்முறையாக அவர் கண்ணில் ஜன்னல் சட்டமோ கடிகாரமோ இல்லை. வயசான ஒரு ஆள்தான் தெரிந்தார்.

“வழில இருக்க நீ. அவளுக்கும் ஜன்னலுக்கும் நடுவுல யாரும் இருக்கக் கூடாது. நகரு.”

லாரன்ஸ் கட்டிலைப் பார்த்தார், உடைந்த கண்ணாடியைப் பார்த்தார். பிறகு எழுந்திருக்காமலே, கைக்குட்டையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, ஒரு முழங்கால், மறு முழங்கால் என்று அலமாரிப் பக்கமாக நகர்ந்தார்.

“இன்னும் கொஞ்சம்,” என்றாள் யூனா.